சிம் கார்டுக்குக் கொடுத்த பாஸ்போர்ட்டும் வக்கீல் பூட்டிய அறிக்கையும்

சிட்னியிலோ மெல்பேர்னிலோ வந்து இறங்கிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். வீடு பார்ப்பதற்கு முன்னால், வங்கிக் கணக்கு திறப்பதற்கு முன்னால் நம்மில் பெரும்பாலானோர் வாங்கியது ஒரு சிம் கார்டு. "வந்து சேர்ந்துட்டேன்மா" என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமா? கடையில் இருந்த பையன் பாஸ்போர்ட்டைக் கேட்டான். கொடுத்தோம். எண்ணைத் தட்டிக்கொண்டு சிம்மைக் கையில் தந்தான். இந்த நாட்டில் அடையாளம் காட்டாமல் மொபைல் இணைப்பு கிடையாது. அதனால் யாரும் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

2022 செப்டம்பர் 22 அன்று ஆப்டஸ் நிறுவனம் தன் தகவல் கிடங்கு திருடப்பட்டதாக அறிவித்தபோதுதான் அந்த எண் நினைவுக்கு வந்தது. இப்போதைய, பழைய வாடிக்கையாளர்கள் என்று 98 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் போனது. சுமார் 21 லட்சம் பேருக்கு ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற ஏதோ ஓர் அடையாள ஆவணத்தின் எண்ணும் போனது. "நான் ஆப்டஸை விட்டுப் பல வருஷமாச்சே" என்று சொன்னவர்களுக்கும் கடிதம் வந்தது.

இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது ஓர் எரிச்சல். உரிமத்தை மாற்றிக்கொண்டால் முடிந்தது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அது விசா பதிவோடு கட்டிய எண். புதுசு வாங்க வேண்டுமென்றால் தூதரகம், விண்ணப்பம், காத்திருப்பு. பிறகு குடிவரவுத் துறைக்கும் புது எண்ணைச் சொல்ல வேண்டும்.

திருட்டு நடந்த கதை நமக்கெல்லாம் ஓரளவு தெரியும். அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன். அந்தச் சண்டை பணத்துக்காக நடந்ததல்ல, ஒரு அறிக்கைக்காக நடந்தது.

2022 அக்டோபர் 3 அன்று ஆப்டஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. என்ன நடந்தது, எங்கே தவறு என்று சுயேச்சையாக ஆராய டெலாய்ட் நிறுவனத்தை நியமிக்கிறோம் என்றது. தலைமை நிர்வாகி பரிந்துரைத்தார், தாய் நிறுவனமான சிங்டெல்லின் இயக்குநர் குழு ஒருமனதாக ஆதரித்தது. "பரவாயில்லையே, உண்மையைக் கண்டுபிடிக்கப் போறாங்க" என்று நாமும் நம்பினோம்.

2023 ஏப்ரலில் ஸ்லேட்டர் அண்ட் கார்டன் என்ற சட்ட நிறுவனம், பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் ஃபெடரல் நீதிமன்றத்தில் குழு வழக்குத் தொடுத்தது. வழக்கு என்றால் இரு தரப்பும் தங்களிடம் உள்ள தொடர்புடைய ஆவணங்களைக் காட்ட வேண்டும். இதை டிஸ்கவரி என்பார்கள். வாதிகள் கேட்ட முக்கிய ஆவணம் டெலாய்ட் அறிக்கை. ஆப்டஸின் பதில்: அதைத் தர முடியாது. அது சட்ட ஆலோசனைக்காகத் தயாரான அறிக்கை, அதற்கு 'பிரிவிலேஜ்' உண்டு.

பிரிவிலேஜ் என்பது என்ன? நீங்கள் உங்கள் வக்கீலிடம் மனம் திறந்து சொன்னதையும், அவர் உங்களுக்குச் சொன்ன ஆலோசனையையும் யாரும் பிடுங்கிப் பார்க்க முடியாது. போலீஸ் கேட்டாலும் சரி, எதிர்த்தரப்பு கேட்டாலும் சரி. அந்த உரிமை வக்கீலுடையது அல்ல, கட்சிக்காரருடையது. ஆனால் எல்லாக் காகிதத்துக்கும் இந்தப் பூட்டைப் போட முடியாது. 1976-இல் உயர் நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள், ஒரு ஆவணம் உருவான ஒரே நோக்கம் சட்டம் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1999-இல் எஸ்ஸோ வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. பல நோக்கம் இருக்கலாம், ஆனால் சட்ட ஆலோசனையோ வழக்கோ அவற்றில் மேலோங்கிய நோக்கமாக இருக்க வேண்டும் என்றது. இன்றைக்கும் அளவுகோல் அதுதான்.

ஆப்டஸ் தரப்பு சொன்னதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல முடியாது. கசிவு நடந்த சில நாளிலேயே ஒழுங்குமுறை ஆணையங்களும் வழக்குகளும் வரும் என்று எந்த நிறுவன வக்கீலுக்கும் தெரியும். ஆஷர்ஸ்ட் என்ற பெரிய சட்ட நிறுவனத்தை அமர்த்தினார்கள். அந்தச் சட்ட நிறுவனத்தின் வழியாகவே டெலாய்ட்டை அக்டோபர் 21 அன்று முறைப்படி நியமித்தார்கள்.

தேதிகளைப் பாருங்கள். பொது அறிவிப்பு அக்டோபர் 3. வக்கீல் வழியான நியமனக் கடிதம் 21.

2023 நவம்பரில் நீதிபதி ஜொனதன் பீச் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தப் பத்திரிகை அறிவிப்பில் சட்ட ஆலோசனை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இயக்குநர் குழுத் தீர்மானத்திலும் இல்லை. மூல காரணத்தைக் கண்டுபிடிப்பது, நிறுவனத்தின் பாதுகாப்பு முறைகளை மறுபரிசீலனை செய்வது போன்ற வேறு நோக்கங்களும் அங்கே இருந்தன. சட்ட நோக்கமும் இருந்தது, ஆனால் அதுதான் மேலோங்கியது என்று ஆப்டஸ் நிரூபிக்கவில்லை. வேறு காரணத்துக்காகக் கேட்ட அறிக்கையைப் பிறகு ஒரு சட்ட நிறுவனத்தின் வாசல் வழியாகக் கொண்டுவந்தால் மட்டும் அது ரகசியமாகிவிடாது. ஆப்டஸ் மேல்முறையீடு செய்தது. 2024 மே மாதம் முழு அமர்விலும் தோற்றது.

அடுத்து மெடிபேங்க். 2022 அக்டோபரில் 97 லட்சம் பேரின் தகவலைப் பறிகொடுத்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். அங்கும் டெலாய்ட் அறிக்கைகள், அதே சண்டை. 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது, வேறு நிபுணர்கள் தந்த சில தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. டெலாய்ட் அறிக்கைகளுக்குக் கிடைக்கவில்லை.

"அப்ப இந்த கார்ப்பரேட் வக்கீல்கள் எல்லாம் உண்மையை மறைக்கத்தானே சம்பளம் வாங்குறாங்க?" என்று உங்களுக்குத் தோன்றலாம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மருத்துவம், பொறியியல் தாண்டி நம் பிள்ளைகள் சட்டம் படித்து, சிட்னி ஃபிலிப் தெருவிலும் மெல்பேர்ன் வில்லியம் தெருவிலும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். "யாருக்காக வாதாடுறே?" என்று அம்மா கேட்டால், பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

கூச்சப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு நிறுவனத்துக்கும் வாதாட ஆள் வேண்டும். இந்தத் துறையில் பாரிஸ்டர் எழுந்து பேசும் நாட்கள் கொஞ்சம். இளம் சொலிசிட்டர்களின் வேலை பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகப் படித்து, இது காட்ட வேண்டியது, இது பிரிவிலேஜ் உள்ளது என்று பிரிப்பது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நேர்மை சோதிக்கப்படும் இடமும் அதுதான். சந்தேகமான ஒரு காகிதத்தை எந்தக் குவியலில் போடுகிறீர்கள் என்பதை வெளியே யாரும் பார்ப்பதில்லை. கட்சிக்காரருக்கு விசுவாசம் உண்டு, ஆனால் வக்கீலின் முதல் கடமை நீதிமன்றத்துக்கு. நல்ல வக்கீல் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்: "சுயேச்சையான ஆய்வு என்று ஊருக்கு அறிவித்துவிட்டு, அதை ரகசியம் என்று பிறகு கோர்ட்டில் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்." கட்சிக்காரருக்குப் பிடிக்காததைச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம்.

ஐடி துறையில் இருக்கும் நம்மவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. "சிசி-ல லீகல் டீமைப் போட்டுடு, அப்புறம் யாரும் கேக்க முடியாது" என்பது அலுவலகங்களில் பரவலாக உள்ள நம்பிக்கை. தவறான நம்பிக்கை. நோக்கம்தான் கணக்கு, சிசி கணக்கில்லை. தொலைத்தொடர்பை மேற்பார்வையிடும் ஆணையமான ஆக்மா 2024-இல் ஆப்டஸ் மீது தொடுத்த வழக்கில் என்ன சொல்கிறது? 2018-இல் நுழைந்த ஒரு நிரல் பிழை, 2021-இல் முதன்மைத் தளத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது. ஆனால் இணையத்துக்குத் திறந்து கிடந்த இன்னொரு முகவரியில் அதே பிழை அப்படியே விடப்பட்டது. தாக்குதலுக்குப் பெரிய திறமை தேவைப்படவில்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அப்படியொரு பிழையை நீங்கள் கண்டால் மேலே எழுதுங்கள், தேதியோடு எழுதுங்கள். பிற்பாடு உங்களைக் காப்பாற்றப் போவது அந்த மின்னஞ்சல்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிறுவனம் தோற்றது என்று கைதட்டுவதோடு நாம் நிறுத்திவிட முடியாது. இந்த பிரிவிலேஜ் என்ற கேடயம் நமக்கு மிகவும் வேண்டியது. படகில் வந்த ஒருவர், ஊரில் தனக்கு நடந்ததை, யாருக்கு உதவினோம், யாருக்குப் பயந்தோம் என்பதை வக்கீலிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அந்தப் பேச்சு வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் வாயைத் திறக்கிறார். பெரிய நிறுவனங்கள் இந்தக் கேடயத்தைக் கம்பளம் மாதிரி விரித்து எல்லாவற்றையும் மூடினால், ஒருநாள் அரசாங்கமும் மக்களும் அதன் மீதே நம்பிக்கை இழப்பார்கள். அன்றைக்கு முதலில் அடிபடப் போவது சிங்டெல் அல்ல. அதனால்தான், எல்லையை அளந்து நிறுத்திய அந்த இரண்டு தீர்ப்புகளும் கேடயத்தைப் பலவீனப்படுத்தவில்லை, காப்பாற்றின என்று நினைக்கிறேன்.

தகவல் கசிவு நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. 2014 பிப்ரவரியில் குடிவரவுத் துறை, தடுப்பில் இருந்த சுமார் 9,250 பேரின் பெயர் உள்ளிட்ட விவரங்கள் அடங்கிய கோப்பைத் தவறுதலாகத் தன் இணையதளத்திலேயே போட்டது. தப்பி வந்த நாட்டுக்குத் தன் பெயர் தெரிந்துவிடுமோ என்று அஞ்சியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். இழப்பீடு தர வேண்டும் என்று தகவல் ஆணையர் தீர்மானித்தது 2021 ஜனவரியில். ஏழு வருஷம். அதுவும் எத்தனை பேருக்கு? தங்களுக்கு நேர்ந்ததை எழுதிச் சமர்ப்பித்த 1,297 பேருக்கு. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடிதம் கையில் கிடைக்காதவர், புரியாதவர், "நமக்கெதுக்கு வம்பு" என்று விட்டவர் எல்லாம் அந்த மற்றவர்களுக்குள்தான் இருப்பார்கள்.

ஆகவே நாம் செய்யக்கூடியது சில உண்டு. 1992 முதல் இந்த நாட்டில் இருக்கும் குழு வழக்கு முறையில், வழக்கின் வரையறைக்குள் வருபவர் தானாகவே விலகினால் ஒழிய உள்ளேதான் இருக்கிறார். முன்பணம் கட்டத் தேவையில்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு குழுவின் சாதாரண உறுப்பினர் தலையில் விழாது. ஆனால் தீர்வு வரும்போது பதிவு செய்யச் சொல்லி அறிவிப்பு வரும். அதைக் குப்பையில் போடாதீர்கள். அது உண்மையான அறிவிப்புதானா என்று நீதிமன்றத்தின் அல்லது சட்ட நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்த வேண்டாம். அம்மா அப்பாவுக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தைப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் மாற்றிய ரசீது, லீவு போட்ட நாள், மோசடி அழைப்பு வந்த தேதி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. ஆப்டஸ் கசிவு நடந்தபோது, தனியுரிமைச் சட்டத்தில் ஒரு மீறலுக்கான உச்ச அபராதம் 22 லட்சம் டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அது 5 கோடி டாலருக்கு, சில சமயம் அதற்கும் மேலே போனது. 2025 ஆகஸ்ட்டில் தகவல் ஆணையர் ஆப்டஸ் மீது வழக்குத் தொடுத்தார். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சுமார் 95 லட்சம் பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு மீறல் என்பது அவர் வாதம். ஆனால் அந்த வழக்குக்குப் பழைய உச்சவரம்புதான். 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியன் கிளினிக்கல் லேப்ஸ் நிறுவனத்துக்கு 58 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. தனியுரிமைச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட முதல் சிவில் அபராதம் அது.

கடைசியாக, கொஞ்சம் நம் பக்கமும் திரும்புவோம். ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலருக்குள் உள்ள பெரும்பாலான சிறு வணிகங்களுக்குத் தனியுரிமைச் சட்டம் பொருந்தாது. வெண்ட்வொர்த்வில்லில் இருக்கும் மளிகைக் கடைக்கும் டாண்டினாங்கில் இருக்கும் டியூஷன் சென்டருக்கும் ஆணையர் வந்து நிற்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாஸ்போர்ட் படங்கள், பிள்ளைகளின் பிறந்த தேதியோடு ஒரு எக்செல் தாள். நம் சங்கங்களிலும் வகுப்புகளிலும் இப்படி எத்தனை கிடக்கின்றன? ஆப்டஸைக் கேள்வி கேட்கும் அதே வாயால் இதையும் கேட்கலாம். "இது உங்களுக்கு எதுக்கு? எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க?"

அன்றைக்கு சிம் வாங்கும்போது கேட்காமல் விட்ட கேள்வி அது.