18 கிலோ வித்தியாசம்

அம்பாசடரில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் ஒருவர் எம்.ஜி.பி. காரின் பானட்டைத் திறந்தால், சொந்த ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். அதே வார்ப்பிரும்பு பிளாக். ஒரே பக்கத்தில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும். மறுபக்கம் டிஸ்ட்ரிபியூட்டர். நம் டாக்சி ஸ்டாண்டுகளில் நாற்பது ஆண்டுகள் உறுமிய 1,489 சி.சி. இன்ஜினும், இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962-ல் வெளிவந்த எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. இன்ஜினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பம்.

இவற்றில் எம்.ஜி.பி. இன்ஜினைத்தான் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாராவது ஒருவர் செயின் பிளாக் போட்டு இறக்கிக்கொண்டே இருக்கிறார். அந்த இடத்தில் இன்னொரு காரிலிருந்து எடுத்த 3,528 சி.சி. வி8 இன்ஜினை உட்காரவைக்கிறார். பழைய கார் உலகில் இன்ஜின் மாற்றும் கதைகள் ஆயிரம் உண்டு. இந்த ஒன்றில்தான் அந்த வேலையின் நுணுக்கம் முழுக்க இருக்கிறது.

எம்.ஜி.பி.யிடம் அழகுக்குக் குறைவில்லை. 18 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் விற்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. குறை பிக்கப்பில்தான். 95 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 12 விநாடி ஆகும். அறுபதுகளின் தொடக்கத்தில் அது போதுமானதாக இருந்தது. பத்தாண்டு முடிவதற்குள், சாதாரணக் குடும்பக் கார்களே பக்கத்தில் வந்து ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின.

பெரிய இன்ஜின் போட்டால் தீர்ந்தது என்று கம்பெனியே முதலில் நினைத்தது. 1967-ல் எம்.ஜி.சி. என்ற பெயரில் 2,912 சி.சி., 6 சிலிண்டர், 145 குதிரைத்திறன் இன்ஜினோடு அதே காரைக் கொண்டுவந்தார்கள். அந்த இன்ஜினும் முழு வார்ப்பிரும்பு. 4 சிலிண்டரைவிட 90 கிலோவுக்கும் மேல் எடை கூடுதல். நீளமும் அதிகம். முன் சஸ்பென்ஷனையே கழற்றி வீசிவிட்டு டார்ஷன் பார் வைத்தார்கள். பானட்டில் ஒரு வீக்கம், கார்புரேட்டருக்காக அதன் மேல் இன்னொரு சின்ன வீக்கம். இத்தனை செய்தும் வளைவில் திருப்பினால் கார் திரும்ப மறுத்தது. மூக்கு நேராகவே போனது. பத்திரிகைகள் பிடிபிடியென்று பிடித்தன. 1969-ல் சுமார் 9,000 கார்களோடு கடையை மூடினார்கள்.

முன் சக்கரத்தின் மேல் ஏறிய அந்த எடைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. குதிரைத்திறன் கூடியது உண்மை. அதைத் தாங்கி வளைய வேண்டிய உடம்பு வேறு கணக்கில் செய்யப்பட்டது. இன்ஜின் மாற்ற ஆசைப்படும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் எம்.ஜி.சி.தான்.

விடை அமெரிக்காவில் கிடந்தது, அதுவும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட நிலையில். ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் பிரிவு 1961-ல் 215 கன அங்குல வி8 இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. பிளாக், ஹெட் எல்லாமே அலுமினியம். எடை சுமார் 144 கிலோ. அந்தக் காலத்தில் இத்தனை பெரிய அலுமினிய பிளாக்கை வார்ப்பது பெரும்பாடு. வீணாய்ப் போன வார்ப்புகள் ஏராளம், செலவும் தாங்கவில்லை. 1963-லேயே நிறுத்திவிட்டார்கள். இதே குடும்பத்தின் ஓல்ட்ஸ்மொபீல் பிளாக்கை அடிப்படையாக வைத்துச் செய்த இன்ஜினோடுதான் ஜாக் பிராபம் 1966-ல் ஃபார்முலா 1 பட்டம் வென்றார்.

பிரிட்டனின் ரோவர் கம்பெனி நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்காவில் படகு இன்ஜின் செய்யும் மெர்குரி மரீன் பட்டறைக்குப் போனது வேறு வியாபாரத்துக்காக. அங்கே தரையில் கிடந்த பியூக் வி8 அவர் கண்ணில் பட்டது. அளந்து பார்த்தார். தம் கார்களுக்குள் அடங்கும் என்று தெரிந்தது. 1965-ல் உரிமையை வாங்கிவிட்டார். பியூக்கில் அந்த இன்ஜினை வளர்த்து, ஓய்வுபெறும் வயதில் இருந்த பொறியாளர் ஜோ டர்லியை இங்கிலாந்துக்கே வரவழைத்து வேலை வாங்கினார்கள். ஒருவர் தூக்கிப்போட்ட இன்ஜின், 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் உட்பட எத்தனையோ வண்டிகளில் ஏறி, ஒரு தலைமுறைக்கு மேல் பிரிட்டிஷ் சாலைகளை ஆண்டது.

கென் காஸ்டெல்லோ என்ற கென்ட் பகுதிக்காரர் மினி கார் பந்தய ஓட்டுநர். எழுபதுகளின் வாசலில், இந்த ரோவர் இன்ஜினை எம்.ஜி.பி.க்குள் இறக்கிப் பார்த்தவர் அவர். எல்லாத் துணைச் சாமான்களையும் சேர்த்துத் தூக்கினால் வி8-க்கும் பழைய 4 சிலிண்டருக்கும் எடை வித்தியாசம் சுமார் 18 கிலோ. அவ்வளவுதான். பின்சீட்டில் ஒரு சின்னப் பையனை ஏற்றிக்கொண்ட மாதிரி. சிலிண்டர் இரட்டிப்பு, கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பு. இருந்தும் முன்சக்கரத்துக்குச் சேதியே தெரியாது.

காஸ்டெல்லோ அதை ஒரு சின்ன வியாபாரமாகவே நடத்தினார். கார்புரேட்டர்கள் உயர்ந்து நின்றதால் அவர் கார்களின் பானட்டில் ஒரு மேடு இருக்கும். எம்.ஜி.யின் தாய் நிறுவனமாகிவிட்டிருந்த பிரிட்டிஷ் லேலண்ட், அவர் செய்த கார் ஒன்றை வரவழைத்து ஓட்டிப் பார்த்தது. பிறகு தானே செய்யத் தொடங்கியது. ஒரு தனிமனிதரின் பட்டறை யோசனையை பெரிய கம்பெனி கையில் எடுத்துக்கொண்டதில் காஸ்டெல்லோவுக்கு என்ன லாபம் கிடைத்தது என்ற கேள்வி, அந்தக் காரை நேசிப்பவர்களை இன்றும் உறுத்துகிறது.

1973 ஆகஸ்டில் எம்.ஜி.பி. ஜி.டி. வி8 வந்தது. அபிங்டன் பொறியாளர்கள் ஒரு நேர்த்தியான வேலை செய்திருந்தார்கள். தனி மேனிஃபோல்ட் வார்த்து, இரண்டு கார்புரேட்டர்களையும் இன்ஜினின் பின்புறம், இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டித் தள்ளிவிட்டார்கள். மேடு இல்லாமல் பானட் தட்டையாக மூடியது. 137 குதிரைத்திறன். மணிக்கு 200 கிலோமீட்டர் தொடும் வேகம். ஆனால் நேரம் சரியில்லை. இரண்டே மாதத்தில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பெட்ரோல் விலை ஏற, வி8 என்ற பெயரைக் கேட்டாலே வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். 1976-ல் நிறுத்தியபோது மொத்தம் 2,591 கார்கள்தான் வெளியே போயிருந்தன.

கம்பெனி குறைவாகச் செய்ததாலேயே, மீதியை வீட்டு கராஜ்கள் செய்யத் தொடங்கின.

இன்ஜினுக்கு ஒரு கண்டம் வண்டி வேண்டும். பெரும்பாலும் அது 1976-ல் வந்த ரோவர் எஸ்.டி.1 ஆக இருக்கும். துருப்பிடித்து பாடி போய்விட்டாலும் உள்ளே வி8-ம் 5 கியர் பெட்டியும் ஜோடியாகக் கிடைக்கும். அனுபவம் உள்ளவர்கள் இன்ஜினை நேராக இறக்குவதில்லை. பிஸ்டன், கிராங்க் எல்லாம் கழற்றிய வெறும் பிளாக்கை முதலில் உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் கையால் தூக்கிவிடலாம். பத்துத் தடவை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங் ராடு எங்கே இடிக்கிறது, சைலன்சர் குழாய் எங்கே உரசுகிறது, சம்ப் குறுக்குச் சட்டத்தில் தட்டுகிறதா என்று சாக்பீஸால் குறித்துக்கொள்கிறார்கள். விரல் நுழையும் இடைவெளி இல்லாத இடமெல்லாம் பிறகு தொல்லை தரும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும்போது அந்த இடம்தான் முதலில் டக் டக் என்று பேசும்.

சைலன்சர் மேனிஃபோல்ட் பெரிய தலைவலி. வி8 என்றால் இரண்டு பக்கமும் நெருப்பு. சிலர் மட்கார்டின் உள்தகட்டில் துளை வெட்டிக் குழாயை வெளியே எடுத்துக் கீழே இறக்குகிறார்கள். இன்ஜின் அறையில் சூடு தேங்காமல் இருக்க அதுவே நல்ல வழி. புரொப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கி, பற்றவைத்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். பின் ஆக்ஸிலின் பல் விகிதம் எம்.ஜி.பி.யில் 3.9. கம்பெனி வி8-ல் அதை 3.07 ஆக மாற்றினார்கள். அதை மாற்றாமல் விட்டால் இத்தனை இழுவையும் வீண், முதல் கியர் ஒரு மூச்சுக்கூடத் தாங்காது. முன் டிஸ்க் பிரேக்கும் தடிமனாக வேண்டும். கம்பெனியே கியர்பாக்ஸ் விஷயத்தில் சூடுபட்டது. முதலில் மூன்றாம் கியரிலும் ஓவர்டிரைவ் கொடுத்துப் பார்த்து, பெட்டி தாங்காததால் சீக்கிரமே டாப் கியருக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

அலுமினியத்துக்கென்று தனி மரியாதை வேண்டும். வார்ப்பிரும்பில் பழகிய கை ஸ்பானரை ஒரு இழுப்பு அதிகம் இழுத்தால், பிளாக்கின் மரை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். பிறகு துளையைப் பெரிதாக்கி எஃகுச் சுருள் மரை திணிக்க வேண்டியதுதான். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர் உள்ளேயே அரித்துவிடும்.

இத்தனையும் முடித்து முதல்முறை சாவி திருப்புபவர்கள் சத்தத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். பழைய இன்ஜின் கரகரத்த குரல். இது அடித்தொண்டையில் மெல்ல முழங்கும். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஆக்சிலரேட்டரை மிதித்தால், கியர் மாற்றாமல் கார் நழுவி ஓடும். ஓட்டியவர்களுக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது, உச்ச வேகம் அல்ல.

எஸ்.டி.1 என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கு வேறு உருவத்தில் அறிமுகம். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1985-ல் வந்த ‘ஸ்டாண்டர்டு 2000’ அந்த ரோவரின் அதே பாடிதான். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய பாடி. ஆனால் வி8 இங்கே வரவில்லை. அதற்குப் பதில், 1940களில் பிறந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் 2 லிட்டர் 4 சிலிண்டர் இன்ஜினை அதில் வைத்தார்கள். அத்தனை பெரிய உடம்பை இழுக்க 83 குதிரைத்திறன். விலை அதிகம், பெட்ரோலும் குடித்தது, ஓட்டமும் இல்லை. மூன்றே ஆண்டில் முடிந்துபோயிற்று. இன்ஜின் மாற்றம் தவறான திசையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வருத்தமான உதாரணம் நம் ஊரில் கிடையாது. அந்த ஆலையின் தொழிலாளர்கள் இதைவிட நல்ல ஒரு முடிவுக்கு உரியவர்கள்.

சரியான திசையில் போனதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா முதலில் அம்பாசடரின் அதே 1,489 சி.சி. இன்ஜினோடுதான் வந்தது. சுமார் 50 குதிரைத்திறனில் அந்த நீளமான கார் மேடு ஏறத் திணறியது. பிறகு ஜப்பானின் இசுசு 1,817 சி.சி. இன்ஜினையும் 5 கியர் பெட்டியையும் மாட்டினார்கள். 88 குதிரைத்திறன். கான்டெஸா கான்டெஸாவானது அதன் பிறகுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பாசடருக்கும் அதே இன்ஜின் கிடைத்தது. இசுசு இன்ஜின் கான்டெஸாவில் வந்தபோதும் அம்பாசடரில் வந்தபோதும், இறக்கப்பட்டது அதே பி சீரிஸ்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. பாடி ஷெல்லுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு வெறும் 1. எட்டு தேறினால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ள முடிந்தது. இந்தியாவில் அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் வந்த ‘வி.ஏ.’ பதிவெண்ணும், இன்ஜின் உட்பட மூல வடிவம் மாறாத வண்டிக்குத்தான். பழைய வண்டியைக் காப்பாற்றும் அக்கறை இரண்டு நாட்டுச் சட்டத்திலும் தெரிகிறது. இன்ஜினின் இடம்தான் வேறு.

அந்த அக்கறை மாற்றுபவர்களிடமும் உண்டு. இங்கிலாந்துக் கராஜ்களில் வி8 இறங்கிய அன்றே கழற்றிய பழைய இன்ஜினைப் பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை பலர். மூலையில் ஒரு பழைய டயரின் மேல் அதை உட்காரவைக்கிறார்கள். பிளக் துளைகள் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்கை மறுபடி முடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்துகிறார்கள். அவ்வப்போது தார்ப்பாயை விலக்கி, முன்பக்க நட்டில் ஸ்பானர் மாட்டிக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிவிடுகிறார்கள். பிளாக்கில் பதித்த சின்னத் தகட்டில் அந்தக் காரோடு பிறந்த நம்பர் இருக்கிறது. அதை மட்டும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடுகிறார்கள்.