தொண்டையில் சிக்காத எலும்பு

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் குண்டசாலையையும் பல்லேகலையையும் கடந்து சென்றால் திகன என்னும் ஊர் வரும். 1985 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற விக்டோரியா அணைக்கட்டினால் மகாவலி கங்கையின் நீர் தேங்கிப் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிப் போயிற்று. அதன் பின்னர்ச் செழித்து வளர்ந்த ஊர் இது. கடைத்தெருவை விட்டுச் சற்று விலகினால் தோட்டக் குடியிருப்புக்கள். அங்கே வீட்டுக்கொரு நாய் இல்லாவிடினும் இரண்டு வீட்டுக்கொரு நாய் உண்டு. எந்த வீட்டுக்கும் உரியனவல்லாத நாய்கள் அதற்கு மேலும் உண்டு. பூனைகளின் கணக்கைப் பூனைகளே அறியும்.

2017 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நான் அவ்வூரில் உறவினர் வீட்டிலே தங்கியிருந்தேன். அயல் வீட்டிலே தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாயிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய நாய்க்கு மணி என்று பெயர். ஒருநாட் காலை மணி வாயை மூடமாட்டாமல் முற்றத்தில் நின்றது. கீழ்த்தாடை தொங்கிற்று, வாயிலிருந்து எச்சில் நூல்போல் வடிந்தது, எதையோ விழுங்க முயன்று முயன்று தோற்றது. முதல்நாள் இரவு வீட்டிலே கோழிக்கறி. கூடிநின்றவர் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது.

முதியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாயின் அருகே குந்தினார். அவர் அறியாதவர் அல்லர். விசர் என்ற ஐயம் அவருக்கும் எழுந்தது. அதற்காகவே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துச் சோதித்துப் பார்த்தார். மணி அஞ்சவில்லை, கிண்ணத்துக்குள் மூக்கையே நுழைத்தது. ஐயம் நீங்கிற்று. நாயின் வாய்க்குள் கையை விடப் போகும் வேளையில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஐயா, கைய எடுங்க! வாய்க்குள்ள போடாதீங்க!”

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மிருக வைத்தியம் பயிலும் மாணவன் அவன். விடுமுறைக்காக வீடு வந்திருந்தவன். இந்நாட்டிலே மிருக வைத்தியருக்குப் பட்டம் வழங்கும் பீடம் அஃது ஒன்றே என்பதை நேயர்கள் அறிவர். முதியவர் முனிவுற்றார். “எலும்புதான் தம்பி, இழுத்துவிட்டாச் சரியாயிரும்” என்றார். அவனோ நாயைத் தொடாமல், கயிற்றின் நுனியைப் பற்றிப் பழைய ஆட்டுக்கொட்டிலுள் விட்டு அடைக்கச் செய்தான். மூன்றாம் நாள் மணி இறந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, அதன் தலையைப் பனிக்கட்டியில் இட்டுக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினர். விசர்நோய் என்று விடை வந்தது. முதியவரின் விரலில் கத்திக் காயம் ஒன்று இருந்தது; முதல்நாள் அவ்விரலை மணி நக்கியுமிருந்தது. அவரும், நாயோடு விளையாடிய பேரப்பிள்ளைகளும் அரசாங்க வைத்தியசாலையிலே ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

நாமெல்லாம் விசர்நாய் என்றவுடன் கண்சிவந்து, வால்தாழ்த்தி, எதிர்ப்பட்டவரையெல்லாம் கடித்தோடும் ஒரு நாயையே மனத்திற் காண்கின்றோம். அஃது ஒரு வகை. மற்றொரு வகையை ஊமை விசர் என்பர். அதில் வெறியில்லை, துரத்தலில்லை. தாடையின் தசைகளும் தொண்டையின் தசைகளும் செயலிழக்கின்றன. வாய் தொங்குகின்றது, எச்சிலை விழுங்க இயலாது போகின்றது. பார்ப்பவர்க்கு எலும்பு சிக்கியது போலவே தோன்றும். கொடியவனைக் காட்டிலும் இரக்கமுள்ளவனுக்கே இந்நோயால் ஆபத்து அதிகம். அவனன்றோ கையை உள்ளே விடுவான்! தண்ணீர்ச் சோதனையும் பயனற்றது. தண்ணீரைக் கண்டு நடுங்குவது நோயுற்ற மனிதரின் குறி. நோயுற்ற நாய் தண்ணீருக்கு அஞ்சுவதில்லை, விழுங்கத்தான் மாட்டாது. ஜலபயம் என்று நம்மவர் இட்ட பெயரே முதியவரை ஏமாற்றிவிட்டது.

முன்குறிகள் இல்லாமற் போகவில்லை. இரண்டு நாட்களாக மணி கட்டிலின் அடியிற் போய்ப் படுத்தது, குரைப்பு கரகரத்தது, விறகுத் துண்டைக் கடித்துத் தின்றது. வீட்டார் ஒவ்வொன்றையும் கண்டனர். ‘மழைக்குளிர்’ என்றும் ‘வயசாகிவிட்டது’ என்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தனர். குட்டியாயிருந்தபோது ஒருமுறை ஊசி போட்டதுண்டாம். ஆண்டுதோறும் போடவேண்டும் என்பது மறந்து போயிற்று.

பேரப்பிள்ளைகளைக் காத்த ஊசியின் வரலாறு 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் நாளில் தொடங்குகின்றது. அன்றுதான் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது தடுப்பு மருந்தை ஏற்றுவித்தார், சிறுவன் பிழைத்தான். நஞ்சு கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறுவதாலேயே, கடித்த பின்னரும் ஊசி போட்டு முந்திக்கொள்ள நமக்கு அவகாசம் கிடைக்கின்றது. மூளையை அடைந்து குறிகள் தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. இலங்கையில் விசர்நோய்ச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்கு ஊசி போடும் பணி பரவியதன் பயனாக இத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது முப்பது என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் அவ்விருபதில் ஒருவராக அந்த முதியவர் இருந்திருக்கலாம். நாய் கடித்தாலோ, புண்ணை நக்கினாலோ, அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பூனைக்கடிக்கும் இதுவே விதி. காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு காத்திருப்போர் இன்னும் உளர்.

அவ்விடுமுறையில் அம்மாணவனோடு மாலைவேளைகளில் அளவளாவும் பேறு எனக்குக் கிடைத்தது. “எப்பிடித் தம்பி கண்டுபிடிச்ச?” என்று முதியவர் ஒருநாள் கேட்டார். “எனக்கும் நிச்சயமாத் தெரியல்லைங்க ஐயா. நிச்சயமாத் தெரியாதப்ப கைய உள்ள போடக்கூடாது” என்றான் அவன். பின்னர், நோயைக் காண முயலுமுன் நலத்தைக் கண்டு வைத்திருக்க வேண்டும் என்று விளக்கினான். நலமான நாயின் உடற்சூடு பரனைற் அளவில் 101 முதல் 102.5 பாகை வரை. நாம் காய்ச்சல் என்று போர்த்திப் படுக்கும் சூடு அதற்கு இயல்பு. அயர்ந்து கிடக்கையில் நிமிடத்துக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு வாங்குமாயின் கவனிக்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல்லீறு இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். உதட்டைத் தூக்குவது நலமான, ஊசி போட்ட நாய்க்கு. எச்சில் வடிக்கும் நாய்க்கன்று.

இந்தப் பல்லீற்றுப் பாடம் தும்பறைப் பள்ளத்தாக்கின் நாய்களுக்கு மிகவும் வேண்டியது. நாய் உண்ணிகளை நாம் அருவருப்பாக மட்டுமே எண்ணுகின்றோம். அவை கடிக்கையில் பபேசியா என்னும் நுண்ணுயிரை இரத்தத்தில் விடுகின்றன. அது சிவப்பணுக்களைச் சிதைக்கின்றது. நாய் சோம்பிப் படுக்கும். உணவை முகர்ந்து விலகும். சிறுநீர் சிலவேளை தேநீர்ச் சாயம்போல் இறங்கும். பல்லீறு காகிதமாய் வெளுக்கும். காலத்தில் கண்டால் மருந்துண்டு. குட்டிகள் இரத்தங் கலந்து கழிவது வேறொரு கதை. பார்வோ என்னும் அந்நோயில் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும், ஆதலால் நாளைக்குப் பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. (நாய்க்குட்டியைக் ‘குருளை’ என்றழைக்குமாறு தொல்காப்பியர் மரபியலில் விதித்தார். புலிக்குட்டிக்கும் அதே பெயர்தான். திகனத் தெருவிலே திரியும் குருளைகளுக்கு இப்பெருமை தெரியாது.)

பூனை நோயை மறைப்பதில் நாயினும் வல்லது. நோயுற்ற பூனை முறையிடாது. அலுமாரியின் பின்னே போய் ஒடுங்கும். உடலை நக்கித் துப்புரவு செய்வதை நிறுத்திவிடும், மயிர் சடைகட்டும். இரண்டு நாள் உண்ணாத பூனையைப் ‘பிகு பண்ணுகிறது’ என்று விட்டுவிடலாகாது. பட்டினி அதன் ஈரலைக் கெடுக்கும். கடுவன் பூனை அடிக்கடி குந்திக் குந்தி முக்குவதைக் கண்டால் நம்மவர் மலச்சிக்கல் என்று எண்ணி நெய் கொடுப்பர். பெரும்பாலும் அடைபட்டிருப்பது சிறுநீர்க் குழாய். இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரைக் கொண்டுபோகும் அடைப்பு அது. எலும்பென்று எண்ணி மணியின் வாயை நெருங்கிய அதே தவறு இங்கே வேறு வேடத்தில் வருகின்றது.

அன்பினால் விளையும் கேடுகளில் தலையாயது பரசிட்டமோல் வில்லை. குழந்தைக்குக் காய்ச்சலென்றால் கொடுக்கின்றோம். பூனைக்குச் சுட்டாலும் ஒரு துண்டு கொடுத்தாலென்ன என்று தோன்றும். பூனையின் ஈரலுக்கு அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. அரை வில்லை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பல்லீறு பழுப்பு நிறமடையும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். நாய்க்கு வெங்காயமும் உள்ளியும் ஆகா. முந்திரிகை வற்றலும் ஆகாது. கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்னும் சத்து நாயின் இதயத்தைப் படபடக்க வைத்து வலிப்பையும் உண்டாக்கும். சொக்கிலேற்றைப் பற்றி எச்சரிக்கும் பலர் கொக்கோ மரத்தை நினைப்பதில்லை. தும்பறையோ பல்லாண்டுகளாகக் கொக்கோ விளைந்த பூமி. காயவைத்த கொட்டைகளும் அவற்றின் தோலும் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்திற் கிடப்பதுண்டு.

எலி மருந்து இன்னும் வஞ்சகமானது. உண்ட அன்று ஒன்றும் தோன்றாது. மூன்று நான்கு நாள் சென்ற பின், இரத்தம் உறையும் தன்மை கெட்டு, மூக்கிலிருந்தோ மலத்திலோ குருதி காணும். வெளியே காணாமல் நெஞ்சினுள்ளே கசிந்து மூச்சு முட்டுவதும் உண்டு. நஞ்சின் உறையைக் கையோடு எடுத்துச் சென்றால் வைத்தியருக்குப் பேருதவி, வைட்டமின் கே அதற்கு மாற்றாதலின். காட்டுப்பன்றிக்கென்று தின்பண்டத்தில் வெடிமருந்து பொதிந்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ பற்றி எழுத என் கை கூசுகின்றது. யானைக் குட்டிகளின் வாயைச் சிதைத்த அப்பாதகம் நாய்களையும் விடுவதில்லை. அதற்கு மருந்து சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர் அல்லர்.

சென்ற ஆண்டு மீண்டும் திகனவுக்குப் போயிருந்தேன். முதியவரின் வீட்டில் இப்பொழுது ஒரு செந்நிற நாய். சுவரிலே நாட்காட்டிக்கு அருகில் அதன் ஊசி அட்டை ஆணியில் தொங்குகின்றது. அடுத்த தவணைத் தேதியைச் சிவப்பு மையினால் வட்டமிட்டிருக்கின்றார். காலைத் தேநீர் முடிந்ததும் அவர் திண்ணைக்கு வந்து அதைக் கூப்பிட்டார். வெயிலுக்கு முகத்தைத் திருப்பி, மேலுதட்டைத் தூக்கி, பல்லீற்றை விரலால் அழுத்திவிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணினார். நாய் பழகிய பொறுமையோடு நின்றது.