விடை தெரியாத இருவர்

ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடராக ஒரு பேட்டரியோடு இணைக்கப்பட்டு எரிகின்றன. மூன்றாவது பல்பின் இரு முனைகளையும் நேரடியாகச் சேர்க்கும் கம்பி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சுவிட்ச், இப்போது திறந்த நிலையில். சுவிட்சை மூடினால் முதல் இரண்டு பல்புகளின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருக்கும் எரிக் மசூர் இந்தக் கேள்வியைத் தன் மாணவர்களுக்குத் தேர்வில் கொடுத்தார். கூடவே வழக்கமான மின்சுற்றுக் கணக்கு ஒன்றும் கொடுத்தார். கிர்க்காஃப் விதிகளை வைத்துச் சமன்பாடுகள் எழுதி, மின்னோட்டத்தின் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய கணக்கு அது. பார்வைக்கு அதுதான் கடினம். மாணவர்களோ அதில்தான் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். பல்புக் கேள்வியில் சறுக்கினார்கள். சமன்பாட்டைப் பிசகில்லாமல் தீர்த்த பலருக்கு, சுவிட்சை மூடினால் மின்னோட்டம் எந்த வழியே போகும் என்று சொல்லத் தெரியவில்லை.

மாணவர்களுக்கு உண்மையிலேயே புரிகிறதா என்ற சந்தேகம் மசூருக்கு வரக் காரணம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹல்லூனும் டேவிட் ஹெஸ்டினஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பருவம் முழுக்க இயற்பியல் படித்த பிறகும், விசை, இயக்கம் பற்றிய மாணவர்களின் பழைய தவறான எண்ணங்கள் அதிகம் மாறுவதில்லை என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். தன் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் மசூர் அதேபோன்ற கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். அப்போது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம். மசூர் பல உரைகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தேர்வுக்குப் பிறகு ஒரு கேள்வியின் விடையைக் கரும்பலகையில் எழுதி விளக்கினார். புரியவில்லை. வேறு விதமாக விளக்கினார். அப்போதும் முகங்கள் மாறவில்லை. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் சரியாக விடை எழுதியிருந்தது நினைவுக்கு வர, உங்களுக்குள்ளேயே பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வகுப்பே இரைச்சலாகிவிட்டது. சில நிமிடங்களில் பெரும்பாலோருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. 1991 முதல் அதையே முறையாக வளர்த்தெடுத்தார். முதலில் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்துத் தன் விடையைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு, வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரை ஒப்புக்கொள்ள வைக்கும்படி வாதாட வேண்டும். மீண்டும் விடையைப் பதிவு செய்ய வேண்டும். ஆசிரியர் வாய் திறப்பது அதன் பிறகுதான்.

அந்த வாதத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பிளஸ் டூ மாணவர்கள் இருவரை வைத்துக் கற்பனை செய்து பார்ப்போம்.

"அப்படியேதான்டா இருக்கும். பேட்டரி மாறலையே, கரன்ட் எப்படி மாறும்?"

"பேட்டரி தர்றது வோல்டேஜ்தானே? கரன்ட் எவ்வளவுங்கிறது ரெசிஸ்டன்ஸைப் பொறுத்தது இல்லையா?"

"சரி, மூணாவது பல்பு அங்கேயேதானே இருக்கு? அதோட ரெசிஸ்டன்ஸ் எங்க போச்சு?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் தடுமாறுவான். அவனுடைய விடை சரிதான். காரணம் மட்டும் அரைகுறை. மூடிய சுவிட்சுக்கு மின்தடை அநேகமாக இல்லை, அதனால் மின்னோட்டம் பல்பை விட்டுவிட்டு அந்தக் கம்பி வழியே போகிறது என்று அவன் இப்போது தனக்கே சொல்லிக்கொண்டாக வேண்டும். பேட்டரி 12 வோல்ட் என்றால், முன்பு பல்புக்கு 4 வோல்ட். இப்போது முதல் இரண்டுக்கும் தலா 6 வோல்ட், மூன்றாவதற்குப் பூஜ்ஜியம். அது அணைகிறது; மற்ற இரண்டும் பிரகாசமாகின்றன. பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்று எதிராளி நினைத்தது உலகெங்கும் மாணவர்களிடம் காணப்படும் தவறு. நாற்பது வருடம் பாடம் எடுத்த ஆசிரியருக்கு அந்தத் தவறு எப்படித் தோன்றும் என்பதே மறந்துபோயிருக்கலாம். நேற்றுத்தான் அதிலிருந்து மீண்ட நண்பனுக்கு மறந்திருக்காது.

தெரிந்தவன் சொல்ல, தெரியாதவன் கேட்டுக்கொள்கிறான், அவ்வளவுதானே என்று தோன்றலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷல் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து, 2009இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மரபியல் வகுப்பில் ஒரு கேள்விக்கு மாணவர்கள் பேசி விடையளித்த பிறகு, அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாவது கேள்வியைத் தனியாகச் செய்யச் சொன்னார்கள். விடையை வெறுமனே காப்பி அடித்தவர்கள் இரண்டாவதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. குழுவில் ஒருவருக்குமே முதலில் சரியான விடை தெரியாதபோதுகூட, பேசிப் பேசி அதைக் கண்டடைந்தவர்கள் இருந்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். விடை தெரியாத இருவர் சேர்ந்தாலும் ஒருவருடைய காரணத்தில் இருக்கும் ஓட்டையை மற்றவர் பார்த்துவிட முடிகிறது.

நம் ஊர் 'குரூப் ஸ்டடி' பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. நன்றாகப் படிக்கும் ஒருவர் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து டெரிவேஷனை ஒப்பிப்பார்கள். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை காலத்துப் பழக்கம் இது. அதற்கு உலகளாவிய வரலாறே உண்டு. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலுக்குப் பிறகு, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. எழுத்தும் வாய்ப்பாடும் பழக அது போதும். மின்னோட்டத்தைப் புரிந்துகொள்ள, சட்டாம்பிள்ளையை எதிர்த்துக் கேட்கும் உரிமையும் வேண்டும்.

சொல்லிக்கொண்டே போகும் மாணவருக்கு மட்டும் அந்தக் குரூப் ஸ்டடியில் நல்ல லாபம்; விளக்கும்போது அவருக்கே புரிந்துவிடுகிறது. மிஷலின் சீ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், நியூட்டன் விதிகள் பற்றிய தீர்த்த கணக்குகளைப் படிக்கும்போது மாணவர்களை வாய்விட்டு யோசிக்கச் சொன்னார்கள். பின்னால் நன்றாகக் கணக்குப் போட்டவர்கள், ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன்?' என்று தமக்கே விளக்கிக்கொண்டவர்கள். 'எனக்கு இது புரியவில்லை' என்று அதிகம் சொன்னவர்களும் அவர்களே. திணறியவர்களோ படிக்கும்போது புரிகிறது, புரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்! தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மனப்பாடம் உதவும் என்பதை மறுக்க முடியாது. அதற்கும் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பதே மேல். ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், உரைநடைப் பகுதியை மறுபடி வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஒப்பிப்பதைத் தனியாகச் செய்துகொள்ளலாம். நண்பர்கள் சேரும் ஒரு மணி நேரத்தை வாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாதத்துக்குத் தகுந்த கேள்வி வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த கேள்வியில் பேச ஒன்றுமில்லை. மிகச் சிலருக்கே தெரிந்ததென்றால் பேச்சு திக்கில்லாமல் போகும். முதல் சுற்றில் 35 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்விகளே அதிகம் பலன் தருகின்றன என்பது மசூரின் பத்தாண்டு அனுபவம். பேசும் முன் ஆளுக்கொரு தாளில் விடையை எழுதிவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் முதல் மதிப்பெண்காரர் சொல்வதே எல்லோருடைய விடையும் ஆகிவிடும்.

'லென்ஸ் விதியைக் கூறுக' என்பதில் வாதாட ஒன்றுமில்லை. இதை எடுத்துக்கொள்ளுங்கள்: செங்குத்தாகப் பிடித்த செம்புக் குழாய்க்குள் ஒரு வலுவான காந்தத்தைப் போட்டால் அது மெதுவாக இறங்கும். அந்தக் குழாயை நீளவாக்கில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு கோடாக அறுத்துவிட்டால், காந்தம் கல் விழுவதுபோல விழுமா, முன்பு போலவே இறங்குமா, இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்திலா? சுற்றிவர வழியில்லாமல் போன மின்னோட்டத்துக்குக் குழாயின் சுவருக்குள் வேறு வழி இருக்கிறதா என்பதில்தான் வாதம் தொடங்கும்.