நெடுஞ்சாலையில் திணறும் பழைய வண்டி: செலவுக்கு முன் சில சோதனைகள்

ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள், நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் திணறத் தொடங்குகிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் திருகினாலும் இழுவை இல்லை. சில வேளைகளில் இருக்கும் வேகமும் குறைகிறது. லாரி ஒன்றை முந்தும் நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். பட்டறைக்குச் சென்றால், "இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்" என்ற விடை சில இடங்களில் உடனே கிடைக்கிறது. அது பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. அந்த முடிவுக்கு வருமுன், ஏறத்தாழச் செலவே இல்லாத சில சோதனைகள் உள்ளன. அவற்றை வரிசையாகச் செய்தால், குறை எங்கிருக்கிறது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகள் பெரும்பாலும் எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் அமைப்புக்கு மாறிவிட்டன. நாம் இங்கே பேசுவது அதற்கு முந்தைய, கார்புரேட்டர் பொருத்திய ஒற்றை சிலிண்டர் வண்டிகளைப் பற்றி.

வேகத்தில் மட்டும் ஏன்?

இன்ஜினுக்கு வேண்டியவை நான்கு: காற்று, பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம். நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், ஒரு நொடியில் 50 முறை காற்றையும் பெட்ரோலையும் உள்ளிழுக்கிறது. நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது அது 12 முறை அளவில்தான் இருக்கும். ஆகவே, வழியில் உள்ள சிறு அடைப்பு மெதுவான ஓட்டத்தில் வெளியே தெரியாமல் போகலாம். தேவை உச்சத்தை எட்டும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும்.

முதல் கேள்வி: இன்ஜின் ஓசை ஏறுகிறதா?

குறை தோன்றும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஓசை உயர்கிறது, வண்டியின் வேகம் மட்டும் உயரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கிளட்ச் பிடியில் சிறிதளவு தளர்வு இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்; கேபிள் இறுக்கமாக இருந்தால் தட்டுகள் முழுமையாகச் சேராது. அடுத்து, ஊற்றிய ஆயிலைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து இயங்குகிறது. கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுவதால் கிளட்ச் வழுக்கக்கூடும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறி இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால், தட்டுகள் தேய்ந்திருக்கலாம்.

ஓசையும் வேகமும் சேர்ந்தே அமுங்குகின்றன என்றால், வண்டியை ஏதேனும் பிடித்து இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். முன்சக்கரத்தையும் தரையிலிருந்து உயர்த்திச் சுழற்றுங்கள். உடனே நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. செயின் அதிக இறுக்கமாக இருந்தாலும் பின்சக்கரம் தடைபடும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் வேகம் ஏறாது.

பெட்ரோல் வரும் வழி

இவை சரியாக இருந்தால், குறை தோன்றும் நேரத்தைக் கவனியுங்கள். முதலில் நன்றாக இழுத்து, ஓரிரு நிமிட வேகமான ஓட்டத்துக்குப் பின் திணறி, வேகத்தைக் குறைத்ததும் தெளிந்துவிடுகிறதா? அப்படியானால் பெட்ரோல் போதிய அளவில் வந்து சேரவில்லை என்று கருத இடமுண்டு. கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு கிண்ணம், வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் போன்றது. நிரம்புவதைவிட வெளியேறுவது மிகுந்தால் மட்டம் இறங்கும். தேவை குறைந்ததும் மீண்டும் நிரம்பும்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடி. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான நுண்துளை மூடியிலேயே உள்ளது. அது அடைபட்டால் டேங்கினுள் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோல் இறங்குவது தடைபடும். வண்டி திணறியதும் சாலையோரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி சிறிது தூரம் சீராக ஓடினால் குறை அகப்பட்டுவிட்டது. எம்முடன் பணியாற்றும் ஒருவரின் 14 ஆண்டுப் பழைய வண்டிக்கு, சிலிண்டரை ரீபோர் செய்து புதிய பிஸ்டன் போட வேண்டும் என்று ஒரு பட்டறையில் மதிப்பீடு தந்தார்கள். உண்மைக் குறை, மூடியின் துளையில் இறுகியிருந்த மண்தான். துளையைச் சுத்தம் செய்ததோடு சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது பெட்ரோல் டேப். பழைய டேங்கின் துருத்தூள், டேப்பினுள் இருக்கும் வலையை அடைத்துவிடும். இன்ஜின் ஆறியபின், அருகில் நெருப்பில்லாத திறந்த வெளியில், கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றிப் பெட்ரோலைப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். தாரை தொடர்ச்சியாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் திறக்கும் வகை டேப்பானால், இச்சோதனையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழைய ரப்பர்க் குழாய்களையும் பாதிக்கக்கூடும். நெடுநாள் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் இதைத் தனியே கவனிக்க வேண்டும்.

முதலிலிருந்தே இழுவை இல்லையென்றால்

எந்த நேரத்திலும் வேகம் ஏறவே இல்லை என்றால், ஏர் ஃபில்டர், கார்புரேட்டரின் மெயின் ஜெட், வெற்றிட வகைக் கார்புரேட்டரில் உள்ள ரப்பர் டயஃப்ரம் ஆகியவற்றை ஐயுற வேண்டும். டயஃப்ரம் கிழிந்தால் உள்ளிருக்கும் பிஸ்டன் முழுவதும் மேலெழாது. ஆக்சிலேட்டரைத் திருகியும் பயனிராது.

காற்றா, பெட்ரோலா என்று அறிய எளிய வழி உண்டு. வாகன நெரிசல் இல்லாத நேரான சாலையில், திணறும் தருணத்தில் ஆக்சிலேட்டரைச் சிறிது குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் வண்டி இலேசாக வேகமெடுத்தால் பெட்ரோல் பற்றவில்லை என்பதற்கு அது ஒரு குறிப்பு. பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெண்மையாக இருந்தால் பெட்ரோல் குறைவு. கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இளம் பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி.

தீப்பொறியும் அழுத்தமும்

வண்டி சீராக அமுங்காமல் விட்டுவிட்டு 'மிஸ்' ஆகிறது, சூடேறியபின் அது மிகுகிறது என்றால் பிளக், பிளக் தொப்பி, காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புதிய பிளக் ஒன்றைப் போட்டுச் சோதிப்பதே மலிவான தொடக்கம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இன்ஜினின் உட்பகுதி. முதலில் வால்வு இடைவெளியை, ஆறிய இன்ஜினில், கையேட்டில் தந்துள்ள அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். பின்னர் அளவுமானி கொண்டு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவாக இருந்து, பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டதும் உயர்ந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வுகளை ஐயுற வேண்டும். அளக்காமலே இன்ஜினைப் பிரிக்க இசைய வேண்டாம்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

இன்ஜின் வேலை உறுதியானால், இரண்டு பட்டறைகளில் எழுத்து வடிவில் மதிப்பீடு பெறுங்கள். தனிநபர் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும், காப்பீட்டையும், வண்டி இன்று விலைபோகும் தொகையையும் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். மூடித்துளையில் அடைத்த மண்ணுக்காகப் புதிய வண்டிக் கடன் வாங்குவது தேவையற்ற சுமை. தேய்ந்துபோன சிலிண்டரோடு நெடுஞ்சாலையில் முந்திச் செல்ல முயல்வது அதைவிடப் பெரிய இழப்பில் முடியலாம்.

குறை தீரும்வரை ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முந்தும்போது வண்டி திணறினால் மேலும் முறுக்கி முயலாமல், பின்னால் வரும் வாகனங்களைப் பார்த்து இடப்புறம் ஒதுங்குங்கள். சோதனைகளை ஓரமாக நின்று செய்துகொள்ளலாம்.