வால்வு ஆம்பிளிபையரின் பயாஸ் மின்னோட்டம்

மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி அவர்கள் 1935-ஆம் ஆண்டில் அந்நகரிலே தம் இல்லத்தில் ஓர் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்து, அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் சூட்டினார். அக்காலத்து ஒலிபரப்பும் ஒலிபெருக்கமும் கண்ணாடி வால்வுகளாலேயே நடைபெற்றன. டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வு பெரும்பாலும் வழக்கொழிந்ததாயினும், அதன் ஒலியினிமையை விரும்புவோர் இன்றும் உளர். மைசூரின் மண்டி மொஹல்லாவில் வாழும் நம்மவர் ஒருவர், பரண்மேற் கிடந்த வால்வு ஆம்பிளிபையரை மீண்டும் பாடச் செய்ய விரும்புகிறார் என்று கொள்வோம். பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ஆக்கிவந்த இவ்வகைச் சிறு வால்வுகள் இன்று அங்கே ஆக்கப்படுவதில்லை. ஆகவே, உள்ள வால்வைக் காப்பதே அறிவுடைமை. அதற்கு வழி, பயாஸ் மின்னோட்டத்தை அளந்தறிவதாகும்.

வால்வினுள் சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, அனோடு என்னும் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையேயுள்ள கிரிட் என்னும் கம்பிவலை, கேதோடைவிட எதிர்மின்னழுத்தம் உடையதாக நின்று, வாய்க்கால் மடைபோல் அப்பாய்ச்சலை மட்டுப்படுத்துகிறது. இந்த எதிர்மின்னழுத்தமே பயாஸ். பாட்டு ஏதும் ஒலியாதபோதும் வால்வின் வழியே ஓடிக்கொண்டிருப்பது பயாஸ் மின்னோட்டம். மடையை மிகத் திறந்தால் தகடு செந்நிறமாகக் கனன்று வால்வு விரைவில் அழியும். மிக அடைத்தாலோ மெல்லிய ஒலிகள் கரகரத்துத் திரிந்துபோம்.

இதனை அளக்கச் சுற்றை அறுக்க வேண்டுவதில்லை. கேதோடுக்கும் தரைக்கம்பிக்கும் இடையே 1 ஓம் தடை ஒன்றைச் சேர்த்து, அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தத்தை மீட்டரால் அளந்தால் போதும். ஓம் விதிப்படி, 1 மில்லிவோல்ட் என்பது 1 மில்லி ஆம்பியரைக் குறிக்கும். சில கருவிகளில் கேதோடிலேயே பெரிய தடை இருக்கும். 270 ஓம் தடையில் 10.8 வோல்ட் காணப்பட்டால், வகுக்கக் கிடைப்பது 40 மில்லி ஆம்பியர்.

எவ்வளவு ஓடலாம்? இ.எல்.34 வால்வின் தகடு தாங்கும் உச்சம் 25 வாட். நிலையான பயாஸ் உடைய புஷ்-புல் கருவிகளில், ஓய்வு நிலையில் இதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது வழக்கம், அதாவது 17.5 வாட். தகட்டழுத்தம் 400 வோல்ட் எனில், 17.5-ஐ 400-ஆல் வகுக்க ஏறத்தாழ 44 மில்லி ஆம்பியர் ஆகும். கேதோடில் அளக்கும்போது ஸ்கிரீன் கிரிட்டின் சிறு மின்னோட்டமும் சேர்ந்தே வருவதால், தகட்டில் ஓடுவது இதனினும் சற்றுக் குறைவே.

ஸ்பீக்கரை இணைக்காமல் கருவியை இயக்கலாகாது. பாட்டுச் செலுத்தாமல், பயாஸ் திருகை மிகுந்த எதிர்மின்னழுத்தத்தில் வைத்துத் தொடங்கி, கால்மணி நேரம் சூடேறியபின் சிறுகச் சிறுகத் திருத்த வேண்டும். இரு வால்வுகளின் அளவும் ஏறக்குறைய ஒத்திருத்தல் நலம்; இல்லையேல் டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஒருபுறமாகக் காந்தமேறி ஒலி கெடும்.

எல்லாவற்றினும் முதன்மையானது உயிர்க்காப்பு. 400 வோல்ட் உயிரைக் கொல்ல வல்லது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கண்டென்சர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். அவற்றைத் தக்க தடை வழியே வடித்து, மீட்டரால் சரிபார்த்த பின்னரே அளவுக் கம்பிகளை மாட்டுக. கருவி இயங்கும்போது உட்புறம் கைவைக்கற்க. பழக்கமில்லாதார் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே நன்று. அவர் கன்னடம் பேசினும் இந்தி பேசினும், பயாஸ் என்ற சொல் அவருக்கு விளங்கும். எத்தனை மில்லி ஆம்பியர் என்று கேட்டு, அதனைக் கருவியின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைப்போமாக. அடுத்த முறை அளக்கையில் வால்வு தளர்ந்துள்ளதா என்பதை அச்சீட்டே அறிவிக்கும்.