கண்ணைக் கசக்காதீர்கள்

தூசியோ மகரந்தமோ பட்டதும் கண் அரிக்கிறதா? கண்ணின் மேற்படலத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுவதால் வரும் அரிப்பு அது. கசக்கினால் இன்னும் கொட்டும். ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்பவை ஆன்டிஹிஸ்டமின் மருந்துகள். இவ்வகை மருந்துகளை உருவாக்க வழிதிறந்த டேனியல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார்.

கண்ணில் மட்டும் அரிப்பு என்றால் ஓலோபடடின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும். இதே வகையைச் சேர்ந்த குளோர்பெனிரமின் மாத்திரையோ தூக்கம் வரவழைக்கும்; போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

முக்கியமாக ஒன்று: பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அரிப்பு சட்டென்று அடங்கும்தான். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே கெட்டுப்போகலாம்.