விதையைத் துப்பாதீர்கள்! ராஸ்பெர்ரிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா?

ராஸ்பெர்ரி என்பது ஒற்றைப் பழமே இல்லை, தெரியுமா? கிட்டத்தட்ட நூறு குட்டிப் பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கூட்டம் அது! ஒவ்வொரு மணிக்குள்ளும் தனியாக ஒரு விதை. பறிக்கும்போது நடுக்காம்பு செடியிலேயே தங்கிவிடும். அதனால்தான் பழம் தொப்பி மாதிரி உள்ளே குழிந்திருக்கிறது.

விதை பல்லில் சிக்குகிறதே என்று வடிகட்டி ஜூஸ் குடிப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்! 100 கிராம் ராஸ்பெர்ரியில் 6.5 கிராம் நார்ச்சத்து. அதே எடை வாழைப்பழத்தில் 2.6, ஆப்பிளில் 2.4 கிராம்தான். ராஸ்பெர்ரியின் நார்ச்சத்தில் கணிசமான பங்கு விதையில் இருக்கிறது. வடிகட்டினால் அது சக்கையோடு குப்பைக்குப் போய்விடும்!

இவ்வளவு இனிக்கிற பழத்தில் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? 100 கிராமுக்கு நாலரை கிராம்கூட இல்லை. கலோரி வெறும் 52. வைட்டமின் சி 26 மில்லிகிராம். எலும்புக்கு வேண்டிய மாங்கனீஸோ, ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

என்னை அசரவைத்தது இன்னொன்று. ராஸ்பெர்ரியில் எல்லாஜிடானின் என்ற பொருள் இருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ள நம் குடலால் முடியாது. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதை உடைத்து, யூரோலித்தின் என்ற புதுப் பொருளாக்கி நமக்குத் தருகின்றன! அந்தப் பாக்டீரியாக்கள் எல்லோருடைய வயிற்றிலும் இருப்பதில்லை. ஒரே கிண்ணத்தில் இருவர் சாப்பிட்டாலும் இருவருக்கும் ஒரே பலன் கிடைக்காமல் போகலாம் என்றால் பாருங்களேன்! அதில் ஒரு வகையான யூரோலித்தின் ஏ கொடுத்த நுண்புழுக்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதானவற்றை அது அப்புறப்படுத்தியதாம். புழுவுக்கு நடந்தது மனிதருக்கும் நடந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். நம்மிடம் அதன் பலன் என்ன என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

'ராஸ்பெர்ரி கீட்டோன்' என்று எடை குறைக்க மாத்திரை விற்கிறார்களே, அந்தப் பொருள் ஒரு கிலோ பழத்தில் சில மில்லிகிராம்தான் இருக்கிறது. மாத்திரையில் வருவது பெரும்பாலும் ஆலையில் தயாரானது. அதைத் தின்றால் மனிதருக்கு எடை குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தக் காசுக்குப் பழமே வாங்கலாம்!

பறித்தபின் இது பழுக்கவே பழுக்காது. காயாகப் பறித்து அனுப்பும் வழியே கிடையாது. நன்றாகக் கனிந்ததைப் பறித்தாலோ சீக்கிரம் குழைந்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய நாடான செர்பியாவில் விளைவதில் பெரும்பகுதி உறையவைக்கப்பட்டு உலகெங்கும் போகிறது. உறைந்த பழம் என்று முகம் சுளிக்காதீர்கள், சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்!

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சொந்தம் உண்டு, தெரியுமா? நீலகிரி, பழனி மலைச்சரிவுகளில் முட்புதராக வளரும் மைசூர் ராஸ்பெர்ரி! கனியக் கனியச் சிவப்பு கறுத்து, கருஊதாவாகிவிடும். சாதாரண ராஸ்பெர்ரி வெயில் தாங்காது என்பதால், அமெரிக்காவின் வெப்பம் மிகுந்த புளோரிடாவில் தோட்டக்காரர்கள் இதைத்தான் தேடி நடுகிறார்கள்!